மிதவைக்குப் பொறுப்பாக நின்றவர்

எங்கள் தோட்டத் துண்டின் பின்வேலியோடு பதினொரு சிக்கமோர் மரங்கள் நின்றன. ஹவுன்ஸ்லோவில் கவுன்சில் வாடகைக்குக் கொடுக்கும் துண்டுகளில் ஒன்றை நாங்கள் 1986 இல் எடுத்தோம். மனைவிக்கு வெந்தயக்கீரையும் உருளைக்கிழங்கும் போட இடம் வேண்டியிருந்தது. அந்த மரங்களை அங்கே தோட்டம் செய்த ஒருவருக்கும் பிடிக்காது. நிழல் விழுத்தும், விதைகள் பறந்து வந்து பாத்தியெல்லாம் முளைக்கும். பக்கத்துத் துண்டை வைத்திருந்த கனடாப் பெண்மணிக்கு மட்டும் பிடிக்கும். அவர் ஒரு பாடசாலையில் படிப்பித்தார். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். சிக்கமோர் மேப்பிளின் நெருங்கிய உறவு என்று அவர்தான் சொன்னார். குளிர்காலத்தின் கடைசியில், இரவில் உறைந்து பகலில் இளகும் நாட்களில், மரத்தில் விரல் பருமனில் துளையிட்டு ஒரு குழலைச் செருகினால் நீர் சொட்டும். பார்க்கப் பச்சைத் தண்ணீர். நாக்கில் வைத்தால் இனிப்பு இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமாக இருக்கும். அதைக் காய்ச்சினால் பாணி, தேன்போலக் கெட்டியான இனிப்பு.

"ஒரு அண்டா தண்ணியைக் காய்ச்சி ஒரு சுண்டு பாணி. கடையில போத்தில்ல விக்கிறாங்கள்தானே?" என்றார் மனைவி.

ஆனாலும் கனடாப் பெண்மணி காய்ச்சுவதைப் பார்க்க நான் போனேன். போனதற்குக் காரணம் பாணி அல்ல, அவருடைய தட்டம். விமானங்களுக்கு உணவு தயாரிக்கும் ஒரு கூடத்தில் குளிரறைகளின் வெப்பநிலையைப் பார்த்துப் பதிவதுதான் என் வேலை. ஒழுங்காக ஓடும் எதையும் நின்று பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. நான்கடி நீளம், இரண்டடி அகலம் உள்ள எவர்சில்வர் தட்டம் அது. உள்ளே மூன்று தடுப்புகள். ஒவ்வொரு தடுப்புக்கும் ஒரு நுனியில் மட்டும் இடைவெளி விட்டிருந்ததால், ஒரு மூலையில் நுழையும் மரநீர் சந்துபோன்ற நான்கு ஒழுங்கைகளை வளைந்து வளைந்து கடந்துதான் மறுமூலைக்கு வரவேண்டும். கீழே செங்கல் அடுப்பு. வரும் வழியெல்லாம் நீர் ஆவியாகிப் போய், மறுமூலைக் குழாயைத் திறக்கும்போது பாணியாக இறங்கும். ஊற்றி, காய்ச்சி, இறக்கி, மறுபடி ஊற்றும் வேலை இல்லை. ஒரு பக்கம் நீர் போய்க்கொண்டே இருக்கும், மறுபக்கம் பாணி வந்துகொண்டே இருக்கும்.

நீர் நுழையும் மூலையில், தட்டத்துக்கு வெளியே, ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் ஒரு மிதவை. மிதவையின் கம்பி பெட்டியைத் தாண்டி அந்தப் பக்கமும் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்கும், தராசுக் கோல் மாதிரி. தட்டத்தில் மட்டம் குறைந்தால் மிதவை கீழே இறங்கி மரநீர் வரும் வழியைத் திறக்கும். ஒரு அங்குலம் நிரம்பியதும் மேலே ஏறி மூடும். அந்த ஒரு அங்குலம்தான் எல்லாம். அது வற்றினால் தட்டம் எரிந்து போகும்.

முதல் வருடம், 1988 இல், வெறுமனே பார்த்தேன். இரண்டாம் வருடம், 1989 இல், செய்யப் பழகினேன். கனடாப் பெண்மணி சொன்னவற்றைக் கொப்பியில் எழுதினேன். காலையில் முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்து வெப்பமானியைப் பார்க்க வேண்டும். காற்றழுத்தத்தைப் பொறுத்து கொதிநிலை நாளுக்கு நாள் கொஞ்சம் மாறும். அதிலிருந்து நான்கு பாகை கூடினால் பாணி. குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும். எக்காரணம் கொண்டும் துழாவக் கூடாது. துழாவினால் முன்னுக்கு வந்த கெட்டியும் பின்னுக்கு நிற்கும் தண்ணியும் கலந்து, இரண்டு மணித்தியால வேலை வீணாகும்.

அந்த வருட இலையுதிர் காலத்தில் மனைவியின் தம்பி ஊரிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கினார். என்னைவிட இரண்டு வயது இளையவர். ஊரில் கோயில் அன்னதானங்களுக்கும் கலியாண வீடுகளுக்கும் சமைத்தவர். இங்கே வேலை செய்ய அனுமதி இன்னும் வரவில்லை. குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் அகதி மனு கொடுத்திருந்தார். காலையில் தபால்காரர் வந்து போகும்வரை கதவடியில் நிற்பார். பிறகு அன்றைய நாள் முழுவதும் செய்ய ஒன்றும் இருக்காது. தை மாதக் கடைசியில் மனு நிராகரிக்கப்பட்ட கடிதம் வந்தது. சட்டத்தரணி மேன்முறையீடு போட்டார். மச்சானைச் சும்மா வீட்டில் இருக்க விடக்கூடாது என்று மாசியில் நான் அவரைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

முதல் நாளே அவர் துழாவினார். நான் குழல்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால், நீண்ட அகப்பையைத் தட்டத்துக்குள் விட்டு, ஒழுங்கை ஒழுங்கையாகக் கிண்டிக்கொண்டிருக்கிறார்.

"மச்சான், விடும்! துழாவாதேயும்!"

"அடிப்பிடிக்கும் அத்தான்!"

"பிடிக்காது. அது தானாப் போகும்."

"தானாப் போற பாணியை நான் இண்டைக்குத்தான் கேள்விப்படுறன்."

கனடாப் பெண்மணி இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு சிரித்துவிட்டார். மச்சானும் வெட்கத்தோடு சிரித்தார். "ஐந்நூறு பேருக்குப் பாயசம் காய்ச்சின கை. சும்மா நில் எண்டா நிக்குமே? அவவுக்கு இங்கிலிசில சொல்லுங்கோ." நான் சொன்னேன். அன்றிலிருந்து அவர் அடுப்படியில் நிற்கும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார். சாப்பாடு கொண்டு வந்த மனைவி, "என்ன தம்பி, வாத்தியார் வெளியில நிப்பாட்டி விட்டவரோ?" என்று கேட்டார்.

அதே மனைவி அடுத்த ஞாயிறு செய்ததையும் சொல்லவேண்டும். கடைசி ஒழுங்கையில் நுரை சட்டென்று எழுந்தது. கனடாப் பெண்மணி வெண்ணெய்த் துண்டோடு ஓடி வந்தார். ஒரு சின்னத் துண்டு போட்டால் நுரை அடங்கும். மனைவி அவருடைய கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். "பொங்கட்டும், விடுங்கோ! கிழக்குப் பக்கமாத்தான் பொங்குது!" நுரை வழிந்து அடுப்பில் சீறியது. "உங்கள் மனைவி என்ன சொல்கிறார்?" என்று கேட்டார் கனடாப் பெண்மணி. பொங்கி வழிவது எங்களுக்கு நல்ல சகுனம் என்றேன். "உங்கள் நல்ல சகுனம் முழுவதும் நெருப்புக்குள் போய்விட்டது" என்றார்.

மூன்று வாரத்தில் மச்சான் என்னைவிட நன்றாகக் காய்ச்சினார். நான் வெப்பமானியைப் பார்ப்பேன். அவர் குமிழி உடையும் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "இப்ப திறவுங்கோ" என்பார். வெப்பமானியின் முள் நான்கு பாகையில் நிற்கும். விறகு போடுவது, மிதவையைப் பார்ப்பது இரண்டும் அவருடைய பொறுப்பாயின. கனடாப் பெண்மணி இதையெல்லாம் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு நாள் என்னைத் தனியே கூப்பிட்டார். ஒன்ராறியோவில் அவருடைய அண்ணன் ஆயிரக்கணக்கான மேப்பிள் மரங்கள் வைத்து, பெரிய கொட்டிலில் பாணி காய்ச்சுகிறவர். முழங்கால் இரண்டும் போய்விட்டன. அடுப்படியில் நிற்க நம்பிக்கையான ஆள் தேடுகிறார். வேலைக் கடிதம் கொடுத்தால் அந்த வழியில் மச்சான் கனடாவுக்குப் போக முடியுமா என்று சட்டத்தரணியிடம் கேட்கலாம். "இந்தப் பருவம் முடிந்ததும் அண்ணனுக்கு எழுதுகிறேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்பார்: இந்த ஆளைத் தட்டத்தோடு தனியே விட்டுப் போகலாமா?"

வீட்டில் சொன்னேன். மச்சான், "என்னைத் தனிய விடலாம் எண்டு எழுதுவாவோ?" என்று கேட்டார்.

"எழுதுவா."

"அப்ப சரி அத்தான்" என்றார். அதன் பிறகு தபால்காரருக்காகக் கதவடியில் நிற்பதை விட்டுவிட்டார்.

பங்குனி நடுப்பகுதியில் கடைசி ஞாயிறு. மரங்கள் மொட்டு விடத் தொடங்கிவிட்டால் பாணி கசக்கும். அன்றோடு நிறுத்துவதாக இருந்தோம். மனைவி காலையிலேயே பித்தளைச் செம்பு ஒன்றைப் புளி போட்டு மினுக்கி, கழுத்தில் நூற்கயிறு கட்டி என்னிடம் தந்திருந்தார். மச்சானின் மேன்முறையீட்டுக்காக நேர்த்தி. ஒரு செம்பு பாணியை ஆர்ச்வே முருகனுக்குக் கொண்டுபோய் அபிஷேகத்துக்குக் கொடுக்கவேண்டும். "கோயிலுக்குப் போற செம்பு. நிலத்தில வைக்காதேங்கோ" என்றார்.

நிலத்தில் சாம்பலும் சேறும் சப்பாத்துகளும். இருந்த ஒரேயொரு மேசையில் கனடாப் பெண்மணி பாதி கடித்து வைத்த பன்றி இறைச்சிச் சாண்ட்விச். அரைமணி நேரமாகச் செம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். வெப்பமானியைப் பார்த்து எழுத இரண்டு கையும் வேண்டும். மிதவைக் கம்பியின் வெளி நுனி கொக்கி மாதிரி வளைந்திருந்தது. கயிற்றை அதில் கொழுவினேன்.

மச்சான் அப்போது அடுப்பு வாயருகே குனிந்து விறகு தள்ளிக்கொண்டிருந்தார். அவர் நிற்கும் பக்கத்திலிருந்து பார்த்தால் பெட்டி செம்பை மறைத்துவிடும். கனடாப் பெண்மணி வேலியோரம் மரங்களிலிருந்து குழல்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் மறுமூலைக்குப் போய் வெப்பமானியின் முன் நின்றேன். இரண்டரை, மூன்று, மூன்றேகால் என்று ஏறியது. கோயிலுக்கென்று நினைத்ததால் சரியாக நான்கு வரட்டும் என்று காத்திருந்தேன். அன்று வழக்கத்தைவிட வேகமாக ஏறியதைக் கண்டேன். விறகு நல்ல காய்ந்த விறகு என்று நினைத்தேன்.

முதலில் மணம் வந்தது. பிறகு கடைசி ஒழுங்கையிலிருந்து கறுத்த புகை. நான் ஓடிப்போய் முதலில் செய்தது, செம்பு புகையில் கருகிவிடும் என்று அதைக் கம்பியிலிருந்து கழற்றியது. கழற்றியதும் மிதவை டக்கென்று இறங்கிற்று. மரநீர் பெட்டிக்குள் கொட்டத் தொடங்கியது. அந்தச் சத்தத்தைக் கேட்ட உடனேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. செம்பின் பாரம் மிதவையைத் தூக்கிப் பிடித்து, இருபது நிமிடமாக வழியை மூடி வைத்திருக்கிறது.

கனடாப் பெண்மணி ஓடி வந்து ஒரு வாளி நீரைத் தட்டத்துக்குள் கொட்டினார். எவர்சில்வர் வெடிப்பதுபோலச் சத்தமிட்டு நெளிந்தது. இரண்டு தடுப்புகள் ஒட்டு விட்டுப்போயின. அவர் மிதவைப் பெட்டியைத் திறந்து, மிதவையை விரலால் அழுத்தி விட்டுப் பார்த்தார். அழகாக ஏறியது, அழகாக இறங்கியது.

"மிதவையில் ஒரு பிழையும் இல்லை. யார் பார்த்துக்கொண்டு நின்றது?"

மச்சானுக்கு அந்த அளவு ஆங்கிலம் விளங்கும். "நான்தான்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அத்தான், நான் ஒவ்வொரு தரமும் பாத்தனான். மிதவை மேலதான் நிண்டது. மேல நிண்டா நிரம்பியிருக்கெண்டுதானே? அவவுக்குச் சொல்லுங்கோ" என்றார்.

நான் மொழிபெயர்த்தேன். அதைச் சரியாகவே மொழிபெயர்த்தேன். அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. என்னிடம் திரும்பினார். "நீங்கள் பக்கத்தில் நின்றீர்கள். நீங்கள் என்ன கண்டீர்கள்?"

"நான் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றேன்.

அது உண்மையான வாக்கியம். அதனால்தான் அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது என்று இப்போது நினைக்கிறேன். ஏன் மற்றதைச் சொல்லவில்லை என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். அந்தத் தோட்டத்தில் பிழைவிடாத ஆள் என்று எனக்கொரு பெயர் இருந்தது. கனடாப் பெண்மணி என் கொப்பியை மற்றவர்களுக்குக் காட்டுவார். சாமிக்குப் போகும் செம்பை நிலத்தில் வைக்கக்கூடாது என்று அதை ஒரு இயந்திரத்தின் கையில் தொங்கவிட்டேன் என்று ஒரு வெள்ளைக்காரியிடம் ஆங்கிலத்தில் விளக்குவதை நினைக்கவே கூச்சமாக இருந்தது. பெரிய காரணங்கள் இல்லை. வீட்டுக்கு நடந்து போகும்போது மச்சான் ஒரு தரம், "நான் மேல நிண்டதெண்டு நினைச்சுக்கொண்டு கீழ நிண்டதைப் பாத்திட்டனோ?" என்றார். உண்மையைச் சொல்ல அதுவே தக்க இடம். நான் செம்பை மேலங்கிக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அன்று கொப்பியில், மிதவை கவனிக்கப்படாததால் தட்டம் எரிந்தது என்று எழுதினேன். கவனிக்காதவர் யார் என்று எழுதவில்லை. வாசிப்பவர்கள் மச்சான் என்றே எடுப்பார்கள் என்பது எனக்குத் தெரியும்.

கனடாப் பெண்மணி கடிதம் எழுதவில்லை. இரண்டு வாரம் கழித்து வேலிக்கு மேலால் சொன்னார்: "என் அண்ணனின் முதல் கொட்டில் முழுவதும் இப்படி ஒரு தட்டத்தால்தான் எரிந்தது. நல்ல மனிதர்தான். ஆனால் என்னால் அனுப்ப முடியாது." அப்போதும் எனக்கு வாய் இருந்தது.

மச்சானின் மேன்முறையீடு இரண்டு வருடம் இழுத்து, ஒருவழியாக இங்கேயே இருக்க அனுமதி கிடைத்தது. எல்லாம் நல்லபடி முடிந்துவிட்டது என்று நான் எனக்குள் சொல்லிக்கொண்டேன். கனடா இல்லாவிட்டால் லண்டன், அவ்வளவுதானே. ஆனால் அவர் விமான நிலையத்தில் தள்ளுவண்டிகளை ஒன்றுசேர்த்துத் தள்ளும் வேலைக்குப் போனார். தமிழ்க் கலியாண மண்டபங்களுக்குச் சமைக்கிற ஒருவர் இவருடைய கை பற்றிக் கேள்விப்பட்டு மூன்று தரம் வீட்டுக்கு வந்து கூப்பிட்டார். "நான் அடுப்படிக்குச் சரிவராத ஆள் அண்ணை. கவனமில்லை" என்று மச்சான் அனுப்பிவிட்டார். தனியே வீடு எடுத்துப் போன பிறகு, வேலைக்குப் போக பஸ் தரிப்பு வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய் காஸ் அடுப்பைப் பார்ப்பார். ஒரு தரமல்ல, இரண்டு மூன்று தரம். மனைவி முதலில் பகிடி பண்ணினார். பிறகு பகிடி பண்ணுவதை நிறுத்திவிட்டார்.

1998 ஆடியில் எங்கள் வீட்டில் ஒரு சின்ன விசேஷம். பாயசம் காய்ச்சித் தரும்படி மனைவி கேட்டார். மச்சான் கதவடியிலேயே நின்றார். "நீயே காய்ச்சு அக்கா. நான் பாத்துக்கொண்டு நிண்டாலும் எனக்குத் தெரியாது, எரிஞ்சாப் பிறகுதான் தெரியும்."

அவர் போன பிறகு மனைவியிடம் செம்பைப் பற்றிச் சொன்னேன். கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எட்டு வருசமா உங்களுக்குத் தெரியும்?"

"ஓம்."

"இதை ஏன் எனக்குச் சொல்லுறியள்? நான் என்ன செய்ய? அவனிட்டப் போய்ச் சொல்லுங்கோ." மீண்டும் பாத்திரத்தை எடுத்துக் கழுவத் தொடங்கினார்.

அடுத்த ஞாயிறு பின்னேரம் மச்சானின் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி போட்டுத் தந்தார். குடிக்குமுன் சொன்னேன். கம்பி, கயிறு, செம்பு, அவர் எந்தப் பக்கம் நின்றார், நான் எந்தப் பக்கம், எல்லாம் ஒழுங்காகச் சொன்னேன். முடிந்ததும் ஒன்று கேட்டார்.

"அப்ப நான் பாக்கேக்க மிதவை மேலதான் நிண்டது?"

"மேலதான் நிண்டது."

"ஒவ்வொரு தரமும்?"

"ஒவ்வொரு தரமும்."

அவர் எழுந்து யன்னலருகே போனார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். வெளியே பார்த்தபடியே, "கனடா போகட்டும் அத்தான். எனக்கு என்ர கண்ணில நம்பிக்கை இல்லாமல் போட்டுது. அதை ஆர் தருவினம்?" என்றார்.

நான் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"அவ இப்ப எங்க?"

கனடாப் பெண்மணி ஓய்வு பெற்று ஒன்ராறியோவுக்கே போய்விட்டிருந்தார். தோட்டச் செயலாளரிடம் விலாசம் இருந்தது.

"எழுதுங்கோ. இப்ப, இஞ்ச இருந்து எழுதுங்கோ" என்றார்.

கடதாசியும் பேனையும் கொண்டுவந்து வைத்தார். நான் ஆங்கிலத்தில் எழுதினேன். எழுதியதை வாங்கி, உதடு அசைய ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். ஒரு இடத்தில் விரலை வைத்தார். செம்பைத் தொங்கவிட்டதால் வழி மூடியிருக்கலாம் என்ற பொருளில் எழுதியிருந்தேன். "இருக்கலாம் வேண்டாம். மூடினது. மூடினது எண்டு எழுதுங்கோ." கடிதம் முழுவதையும் திரும்ப எழுதினேன். தபாலில் போட என்னிடம் தரவில்லை, தானே கொண்டுபோனார்.

ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது என்று மனைவி சொன்னார். மச்சானுடைய பெயருக்குத்தான் வந்திருக்கிறது. இரண்டு பக்கக் கடிதமாம். மச்சான் தமக்கைக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். என்ன எழுதியிருந்தது என்று மனைவியும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த வருடக் கடைசியில் மச்சான் தள்ளுவண்டி வேலையை விட்டுவிட்டார். முன்பு மூன்று தரம் வந்து கூப்பிட்டவர் தொழிலை மகனுக்குக் கொடுத்துவிட்டிருந்தார். மகனுக்கு மச்சானை யாரென்றே தெரியாது. நாற்பத்தைந்து வயதில், தன்னில் பாதி வயதுப் பொடியன்களோடு நின்று வெங்காயம் வெட்டுவதிலிருந்து தொடங்கச் சொன்னார்களாம். சரியென்று போனார். பெரிய அண்டாவுக்குக் கிட்ட விடுவதற்கு இன்னும் இரண்டு வருடமாவது எடுக்கும் என்று அவர் சொன்னதாக மனைவி சொன்னார். எங்கள் வீட்டுக்கு வருவார். என்னை அத்தான் என்றுதான் இப்போதும் கூப்பிடுகிறார். நான் சொல்வதைக் கேட்டுக்கொள்வார். ஆனால் நான் சொன்ன எதையும், ரயில் புறப்படும் நேரத்தைக்கூட, இன்னொருவரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் கிளம்புகிறார்.